சம்பந்தி வீட்டு ஆவாரை

நாற்றுப்பண்ணை வைத்திருப்பவளிடம், "நீங்க குடுத்த செடி செத்துப்போச்சு" என்று சொல்லிப் பாருங்கள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிடும். அதைச் சொன்னது யார்? என் சம்பந்தி, மகளின் மாமியார். ஒரே மகள் வாழப்போன வீடு. வாயைத் திறந்து கத்தவும் முடியாது.

ஆசையாக நான் கொடுத்தது ஆவாரஞ்செடி. அவரைக்காய் ஜாதிதான், தட்டைத் தட்டையாகக் காய்க்கும். தரிசில் தானாக முளைக்கிற செடியென்று யாரும் சீந்தமாட்டார்கள். ஆனால் பூத்தால் மஞ்சளை அள்ளிக் கொட்டும்.

பொழுது சாய்ந்தால் போதும், ஃபோன் வந்துவிடும்.

"சம்பந்தி, இலையெல்லாம் தொங்கிப்போச்சு!"

"அது தூங்குது சம்பந்தி. சாயங்காலமானா இலையை மூடிக்கும், விடிஞ்சா விரிச்சுக்கும்."

"செடி தூங்குமாக்கும்! நல்லா காதுல பூ சுத்துறீங்க."

அப்புறம் பேச்சு மூட்டுவலிக்குப் போகும், பால் விலைக்குப் போகும். மறுநாள் மறுபடியும் அதே பல்லவி.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. 'உங்கம்மா மட்டமான செடியைத் தலையில கட்டிட்டாங்க' என்று மகளுக்கு ஒரு இடிசொல் வந்தால்? வேண்டவே வேண்டாம், செடியைத் திருப்பி எடுத்து வந்துவிடலாம் என்று ஒருநாள் மாலை சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

போனால், சம்பந்தி முக்காலி மேல் நிற்கிறார். செடிக்கும் தெருவிளக்குக்கும் நடுவே பழைய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்ன பண்றீங்க?"

தடுமாறியவரை ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"வெளிச்சம் நேரா அது மேல அடிக்குது. தூங்க வேணாமா?" என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அடேங்கப்பா! அப்ப தெரிஞ்சுக்கிட்டேதான் தினமும் என் உயிரை வாங்கினீங்களா?"

அவர் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார். "பிள்ளைங்க ரெண்டு பேரும் வேலை முடிஞ்சு வர இருட்டிடுது. சும்மா கூப்பிட்டா என்ன பேசறது? நீங்க வேற வேலையா இருப்பீங்க."

வந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அதுக்கு, நல்லா இருக்கிற செடியை தினமும் சாகடிக்கணுமா?" என்றபடி புடவையின் மறுமுனையை நான் கட்டினேன். "நாளைலேர்ந்து நான் கூப்பிடுறேன்."

"என்ன சாக்கு சொல்லி?"

"சாக்கு எதுக்கு? உங்க மருமக இங்க வந்ததுலேர்ந்து என் வீடு மட்டும் நெறஞ்சா கிடக்கு?"