சலவைக்கடைக்கு மேலே

தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. ரப்பர் பட்டை சமையலறைச் சுவரிலிருந்த ஓட்டை வழியே வெளியே வந்து, மேஜைகளைச் சுற்றி வளைந்து, இன்னொரு ஓட்டைக்குள் போய் மறைந்தது. ஒவ்வொரு தட்டிலும் கட்டைவிரல் நீளத்துக்குப் பிடித்த சோறு, அதன்மேல் போர்த்திவிட்டது போல ஒரு துண்டு பச்சை மீன். பாறை என்கிறவரின் வலது கை மேஜைக்கு அடியிலிருந்து தானாக எழுந்து பட்டையை நோக்கிப் போனது. கூட வந்திருந்த ரேடியோ அதைப் பிடித்து அமுக்கினான்.

"அண்ணே, இது நம்ம கிடங்குப் பட்டை இல்ல. எடுத்தா அடுக்க முடியாது, தின்னுதான் ஆகணும்."

இருவருக்கும் புறநகரின் கடைசியில் இருக்கும் குளிர்கிடங்கில் வேலை. ரேடியோ அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வாயை மூடாததால் அந்தப் பெயர். பாறை கையால் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். வாயைத் திறக்காததால் இந்தப் பெயர். உருவமும் பெயருக்கு ஏற்றதுதான், தோளிலிருந்து நேராகத் தலை முளைத்தது மாதிரி. விவரம் தெரிந்த நாளிலிருந்து சுமை. அப்பனோடு செங்கல், பிறகு சிமெண்ட் மூட்டை, பிறகு உறைந்த மீன். விரல் நுனிகள் மரத்துப்போய்ப் பல காலமாயிற்று. டீ கிளாஸைப் பிடித்தால் சூடு முழங்கைக்கு வந்த பிறகுதான் அண்ணனுக்கு உறைக்கும் என்று ரேடியோ கேலி பண்ணுவான். அப்பேர்ப்பட்ட மனிதர் ஷாப்பிங் மாலில், ஜப்பான் சாப்பாட்டுக் கடையில், ஏசிக்கு நேர்கீழே, நெற்றி வியர்க்க உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் மகளால் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கிடங்கு மேற்பார்வையாளர் வீட்டிலிருந்து அவளைப் பெண் கேட்டார்கள். இனி வேலைக்களத்தில் தலை நிமிர்ந்து நடக்கலாம் என்று பாறைக்கு நினைப்பு. லிஃப்ட் பழுது பார்க்கப் படித்திருந்த மகள், "எனக்கு வேணாம்" என்று ஒரே பேச்சில் முடித்தாள். இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே என்று இவர் சொன்னார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவரையே உரித்து வைத்த பிடிவாதம். அம்மாவிடம் போனில் பேசுவாள். இவர் அறைக்குள் வந்தால் அம்மாக்காரி பேச்சைக் குழம்புக்கு உப்புப் போட்டாயா என்பதற்குத் திருப்பிவிடுவாள்.

போன வாரம் அந்த அம்மாக்காரிதான் சேதி சொன்னாள். "அடுத்த வியாழக்கிழமை மதியம் வர்றாளாம். வெளிநாட்டுல வேலை கெடச்சிருக்காம். போறதுக்கு முன்னாடி உங்களப் பாக்கணுமாம். இந்தப் பக்கம் நல்ல ஜப்பான் சாப்பாட்டுக் கடையா ஒண்ணு பாத்து வைப்பீங்களாம். அவளுக்கு சூஷின்னா உசிராம்."

"வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டியதுதானே?"

"நான் எப்படிச் சொல்றது? மிதிக்காதேன்னு சொன்ன வாய் எதுவோ அதுதான் சொல்லணும். அது என் மூஞ்சியில இல்ல."

அன்றிலிருந்து அவருக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தண்ணீர் எடுக்க எழுந்தார். எடுத்த தண்ணீரைக் குடிக்காமல் ஜன்னலுக்குப் போனார். மூடிய குழாயை மறுபடியும் இறுக்கினார். படுத்தால் கால்கள் மட்டும் நடந்துகொண்டிருந்தன. வீட்டுக்கு வா என்று சொல்ல வாய் வராது, அது அவருக்கே தெரியும். ஆனால் நல்ல கடையாக ஒன்றைக் காட்டிவிட்டால், அதைச் சொல்லாமலே சொன்னதாகிவிடும் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு. அதற்காகத்தான் ரேடியோவை இழுத்துக்கொண்டு இந்த அலைச்சல்.

"எப்படிடா இருக்கு?"

"கண்ண மூடிட்டு முழுங்கினா நல்லாத்தான் இருக்கு," என்றான் ரேடியோ, மூன்றாவது தட்டை எட்டி எடுத்தபடி.

பாறை ஒரு துண்டை உற்றுப் பார்த்தார். ஓரம் காய்ந்து சுருண்டிருந்தது. அது எத்தனையாவது சுற்றில் வருகிறதோ. எழுந்துவிட்டார்.

இரண்டாவது கடை பெட்ரோல் பங்கை ஒட்டி இருந்தது. பழைய பெயர்ப்பலகையின் மேலேயே ஜப்பான் உணவு என்று புதுப்பெயின்ட் அடித்திருந்தார்கள். அடியில் பழைய கோழிப் படத்தின் கொண்டை தெரிந்தது. உள்ளே ஆள் உயரத்துக்குக் கண்ணாடித் தொட்டி. மீன்கள் வாயைத் திறந்து மூடிக்கொண்டு நீந்தின. "நீங்க கையக் காட்டுங்க, அத வெட்டித் தர்றேன்," என்றார் கடைக்காரர். பாறையின் முகம் முதல்முறையாகத் தளர்ந்தது. வாழ்நாளில் அவர் தொட்ட மீனெல்லாம் கல். இங்கே ஒன்று வாலை வீசித் திரும்பிப் பார்க்கிறது.

"இதுக்கு மேல என்ன வேணும்ணே? நேத்துச் செத்ததா, முந்தாநாள் செத்ததாங்கிற சந்தேகமே இல்ல. நம்ம முன்னாடியே சாகுது," என்றான் ரேடியோ.

இதுதான் என்று முடிவாயிற்று. ஆனாலும் மறுநாள் வேலை முடிந்ததும் கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. சலவைக்கடைக்கு மேலே இன்னொன்று இருப்பதாக ரேடியோ சொல்லியிருந்தான். தனியாகப் போனார். சிமெண்ட் மூட்டை சுமந்த காலத்திலிருந்தே எந்தக் கடையானாலும் பின்பக்கமாகப் போய்த்தான் அவருக்குப் பழக்கம். முன்வாசலில் நுழைகிற உடம்பாக அது வளரவில்லை. சலவைக்கடையின் நீராவி பட்டு வழுக்கிய இரும்புப் படிகளில் ஏறினார். மேலே கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு தெர்மாகோல் பெட்டியை முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

பெட்டியைப் பார்த்ததும் நின்றார். மூடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டிய நீலப் பிளாஸ்டிக் பட்டி. பட்டியின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல் அடியில் மடித்துச் செருகியிருந்தது. நீட்டிய வால் ஒருமுறை உள்ளங்கையைக் கிழித்ததிலிருந்து கிடங்கிலேயே அப்படிச் செருகுகிறவர் அவர் ஒருவர்தான். அவர் கட்டிய பெட்டி. அவர் தோளில் ஏறி இறங்கிய பெட்டி.

உள்ளேயிருந்து கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், கத்தியைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள். முன்கைகள் சுமைக்காரன் கைகள் போல இருந்தன. "யாருங்க, டெலிவரியா? காலையிலயே வந்துடுச்சே."

"இந்த மீனத்தான் பச்சையாப் போடுறீங்களா?"

"ஆமா."

"இது செத்து எத்தன நாளாச்சு தெரியுமாம்மா? எங்க கிடங்குல கல்லாக் கெடந்தது."

"கல்லாக் கெடக்கணும்னுதானே உங்க கிடங்குல வாங்குறேன். பச்சையாத் திங்கிற மீன மொதல்ல அப்படி உறைய வைக்கணும். புழு இருந்தா அதுல செத்துடும்."

பாறைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குளிரப் பத்தி எனக்கே பாடமா?"

"பாடமெல்லாம் இல்ல. பசிச்சா உள்ள வந்து உக்காருங்க. இல்லன்னா கதவ மறைக்காம நகருங்க, புகை போகணும்."

நகர்ந்தார். இறங்கும்போது உடம்பு கொதித்தது. அந்தப் பெட்டிகளுக்குள் இருப்பது சாப்பாடு என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. அது எடை. முதுகை ஒடிப்பது, விரலைக் கொல்வது. அதைத் தட்டில் வைத்து மகள் முன்னால் நீட்டுவதா? அவளுக்கு உயிரோடு இருக்கிற ஒன்றைத்தான் தர வேண்டும்.

வியாழக்கிழமை மனைவி சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். "கூட்டிட்டு வாங்க. தனியா வந்தீங்கன்னா கதவத் திறக்க மாட்டேன். பெட்ரோல் பங்குலயே படுத்துக்கங்க." பாதி விளையாட்டுதான். மீதிப் பாதி அவள் கண்ணில் இருந்தது.

நேரத்துக்கு முன்பே போய்விட்டு, பங்கைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பெட்ரோல் போடுகிற பெண் சந்தேகமாகப் பார்த்தாள். மகள் பேருந்திலிருந்து இறங்கி வந்தாள். வேலை உடுப்பு, ஒட்ட வெட்டிய முடி. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

"கை என்ன இப்படி ஆகிக் கெடக்கு?"

"உங்க கை மட்டும் என்னவாம்," என்றாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு என்று ஆரம்பிக்க வாயெடுத்தார். "உள்ள வா" என்றுதான் வந்தது.

தொட்டியிலேயே பெரியதாக ஒன்றைக் காட்டினார். கடைக்காரர் வலையைப் போட்டு அள்ளினார். பலகையில் ஒரே அடி. தட்டு வந்தபோது சதை இன்னும் அடங்காமல் துடித்தது. பாறை தட்டை அவள் பக்கம் தள்ளினார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக நடு மேஜைக்குத் திருப்பித் தள்ளினாள்.

"அப்பா, இது குளத்து மீனு. இதப் பச்சையாச் சாப்பிடக் கூடாது."

"உசிரோட இருந்ததத்தானே உன் கண்ணு முன்னாடி வெட்டினான்!"

"அதான்பா. அதுக்குள்ள புழு இருந்தா அதுவும் உசிரோடதான் இருக்கும்."

கடைக்காரர் கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். பாறைக்குக் காது மடல் சுட்டது. ஒரு வாரம் தெருத்தெருவாக அலைந்து, தேய்த்த சட்டை போட்டு, கடைசியில் இதுவா? "நான் எதச் செஞ்சாலும் உனக்கு..." எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் விழுந்தது. அன்றைக்கு வந்த அதே சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. கீழே வைத்திருந்த பையை மட்டும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அதே பை. ஒரு வார் அறுந்து கம்பியால் முறுக்கியிருந்தது.

அவர் குனிந்து நாற்காலியைத் தூக்கி நிறுத்தினார். தேவைக்கு மேல் நேரம் எடுத்து நிறுத்தினார்.

"இன்னொரு கடை இருக்கு," என்றார், தொட்டியைப் பார்த்து. "சலவைக்கடைக்கு மேல. அந்தப் பொம்பளையும் இதையேதான் சொன்னா. நான்தான் கேக்கல."

"கண்ணாடி போட்டவங்களா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பை வாரை முறுக்கினாள். "பக்கத்து ஆஸ்பத்திரி லிஃப்ட் நான்தான் பாக்குறேன். மாசா மாசம் வருவேன். மதியம் அங்கதான் சாப்பாடு."

அங்கிருந்து வீடு கூப்பிடு தூரம். அவருக்கு அது முதலில் உறைக்கவில்லை. கிளாஸின் சூடு மாதிரி மெல்ல மெல்ல ஏறியது. மாசா மாசம். எவனோ பிடித்து, தான் தூக்கிய மீனைத் தின்றுவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் பேருந்து ஏறியிருக்கிறாள். சாப்பிடாத தட்டுக்குக் காசை வைத்துவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். சலவைக்கடைப் பக்கம் நடந்தார்கள். இருவருக்கும் ஒரே நடை, காலை அகட்டி, ஏதோ சுமந்து போவது போல. வழக்கப்படி அவர் பின்பக்கச் சந்துக்குத் திரும்பினார். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"படி முன்னாடிப் பக்கம் இருக்குப்பா."

ஏறும்போது கேட்டார்: "உனக்கே நல்ல கடை தெரியும்னா, ஏன் என்னத் தேட விட்டே?"

அவள் முன்னால் ஏறிக்கொண்டிருந்ததால் முகம் தெரியவில்லை. "நீங்க தேடுவீங்களான்னு பாக்கத்தான்."

மேலே எட்டே பேர் உட்காரும் கடை. கண்ணாடி போட்ட அம்மாள் மகளைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு அவரைப் பார்த்தாள், மறுபடி மகளைப் பார்த்தாள், இரண்டு கழுத்தில்லாத உருவங்களையும் சேர்த்து ஒரு முறை பார்த்தாள். "இன்னைக்கு முன்வாசலா?" என்றதோடு கத்தியை எடுத்துக்கொண்டாள். காலடியில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. நீலப் பட்டியை நடுவில் வெட்டியிருந்தாள்; செருகிய வால் செருகியபடியே இருந்தது.

மகள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இங்கேருந்து பாத்தா உங்க கிடங்கு வண்டி வர்றது தெரியும். நீங்க எறங்குவீங்களான்னு பாப்பேன்."

"நான் வண்டியில வர்றதில்லம்மா. ஏத்தி விடுறதோட சரி. பெட்டி மட்டும்தான் வரும்."

"தெரியாதே," என்றாள்.

எத்தனை வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், தான் எங்கே நின்று என்ன செய்கிறோம் என்பதை இவளிடம் சொன்னதே இல்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. சொல்லலாம் போல இருந்தது. எங்கே தொடங்குவது என்று புரியவில்லை. அதற்குள் தட்டு வந்தது. சின்னக் கிண்ணத்தில் கறுப்பாக சோயா சாறு. சிவந்த மீன், ஈரமாக, அமைதியாக. கையால் எடுக்கலாம் என்று அவள் காட்டினாள். அவர் எடுத்தார். மரத்த விரலுக்கு அளவு தெரியவில்லை; சோறு நசுங்கிப் பிதுங்கியது.

"பெட்டி இல்லப்பா. இவ்வளவு இறுக்க வேணாம்."

இன்னொன்றை அவளே எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். வாயில் போட்டார். கிடங்கின் வாடை வரும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தார். வரவில்லை. குளிர்ச்சி மட்டும் இருந்தது, அதற்கடியில் லேசாக ஒரு இனிப்பு. இத்தனை காலம் முதுகில் கிடந்தது இதுவா என்று மென்றுகொண்டே இருந்தார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். வீடு. அதை மேஜைமேல் வைத்தார், இரண்டு தட்டுகளுக்கும் நடுவில். அது நடுங்கியபடி பலகையில் மெல்ல நகர்ந்து அவள் பக்கமாகப் போனது.

"அம்மாவா?"

"ம்."

"எதக் கேக்கறதுக்கு?"

"நீ..." என்றார். "நீ வர்றியான்னு கேக்கறதுக்கு."

அவள் போனையே பார்த்தாள். அவர் அவள் கையையே பார்த்தார். கிரீஸ் படிந்த விரல்கள் மேஜை விளிம்பில் இருந்தன. போன் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடியும் அதிர ஆரம்பித்தது. சோயாக் கிண்ணத்தின் கறுப்பில் வட்டம் வட்டமாகச் சின்ன அலைகள் நடுவிலிருந்து எழுந்து விளிம்பை முட்டிக்கொண்டே இருந்தன.