கீழே இறங்கும் உப்பு

பிரகாசம் மாமா கல்லுப்பை அள்ளி இறந்தவரைச் சுற்றி அடுக்கியிருந்த ஐஸ் பாளங்களின் மேல் இறைப்பதற்குள் லோயிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மாமா. உப்பு போட்டா சீக்கிரம் கரைஞ்சிடும்."

"ஐஸ்கிரீம் பண்றவன் போட்டுக்கினுதானே இருக்கான்? அவனுக்குத் தெரியாதா?"

உப்பு பட்டால் குளிர்ச்சி கூடும், ஆனால் ஐஸ் நிற்காது என்று அவள் சொன்னாள். நாளை சாயங்காலம் வரை நின்றாக வேண்டும். பிலாயிலிருக்கும் அண்ணன் தியோடருக்குத் தந்தி போயிருக்கிறது. அவன் வந்து முகம் பார்த்த பிறகுதான் சவப்பெட்டியை மூடுவார்கள். அவர்களுடைய அப்பா, நைனா என்று அவர்கள் கூப்பிடும் தேவானந்தம், காலையில் ஷேவிங் செய்துகொண்டே சாய்ந்து உயிரைவிட்டார். முகத்தின் மீதிப் பாதியை மாமாதான் மழித்துவிட்டார்.

மாமா முணுமுணுத்தபடி உப்பைச் சட்டியில் திரும்பக் கொட்டினார். லோயிஸ் பாளங்களைச் சுற்றி உமியைக் குவித்துச் சாக்கைப் போர்த்தினாள்.

இன்று ராத்திரி திருப்பதியில் ரயில் ஏறினால்தான் அவள் கோவாவில் கப்பலைப் பிடிக்க முடியும். தென்துருவப் பனிக்கடலுக்குப் போகிற கப்பல். நம் நாட்டிலிருந்து அங்கே போவது இது மூன்றாவது தடவைதான், யாருக்காகவும் நிற்காது. ஆழத்துக்கு ஆழம் கடலின் சூட்டையும் உப்பையும் அளக்கும் கருவி ஒன்றை அவள் வருடக்கணக்காக உட்கார்ந்து செய்திருந்தாள். அவளுக்கு மட்டுமே அதை இயக்கத் தெரியும்; அவள் போகாவிட்டால் அது பெட்டியை விட்டு வெளியே வராது. போனால் நைனாவின் அடக்கத்துக்கு இருக்க முடியாது.

தகப்பனைக் குழியில் இறக்குமுன் கப்பலேறுகிற பெண் இந்தச் சித்தூர் சபையிலேயே கிடையாது என்றார் மாமா. லோயிஸுக்குப் போக ஆசையாக இருந்தது. அந்த ஆசையை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

நைனாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ஞானமணி காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. கேள்வி கேட்பதெல்லாம் நைனாவின் வேலை. மகளின் கடலைப் பற்றி அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது உப்புச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு போட்டா ஐஸ் நிக்காதுன்றே. கடலு பூரா உப்புதானே? அங்க எப்பிடி உறையுது?"

"உறையும்போது உப்பை வெளிய தள்ளிடும்மா. ஐஸ் மட்டும் மேல நிக்கும்."

"தள்ளுன உப்பு?"

"தண்ணி கனமாயி அடிக்கு எறங்கும். தரையோட தரையா ஊர்ந்துகினே வரும். நம்ம மெட்ராஸ் பக்கம் வர எத்தினியோ நூறு வருசம் ஆகும்."

"யாரு பாத்தாங்க?"

"முழுசா யாரும் பாக்கல. அதுக்குத்தான்..." லோயிஸ் நிறுத்திக்கொண்டாள்.

அம்மா முந்தானையால் நைனாவின் காதோரம் காய்ந்திருந்த சோப்பைத் துடைத்தாள்.

"ரயிலு எத்தினி மணிக்கு?"

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மண்ணு போட நாங்க இருக்கறோம்," என்றாள் அம்மா. "இவரு இருந்தா இந்நேரம் பஸ் ஸ்டாண்டுல கொண்டாந்து உட்டிருப்பாரு."

லோயிஸ் குனிந்து நைனாவின் நெற்றியில் கன்னத்தை வைத்தாள். எவ்வளவு குளிர் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அம்மா எழுந்து போய் அவளுடைய பயணப் பெட்டியைத் தூக்கி வந்து வாசலில் வைத்தாள். பிறகு திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.