றோசம்மாவின் இரண்டு வோட்டுகள்

“இந்த முறை நான் போகமாட்டன், பிள்ளை. என்ரையும் போடமாட்டன், உம்மடையும் போடமாட்டன்.”

லண்டனிலிருந்து றோசம்மா இதைச் சொன்னபோது ரோஹிணி பருப்புக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கைபேசி சீனிப் போத்தலில் சாய்ந்து நின்றது. கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். பகிடியாக இருக்கும் என்று சிரிக்கவும் செய்தாள். மறுபக்கத்தில் சிரிப்பு வரவில்லை.

ரோஹிணி இருப்பது பேர்லினில், நொய்கெல்னில். கையில் இருப்பது பிரித்தானியக் கடவுச்சீட்டு. கணவன் இராசலிங்கம் லண்டனில் இறந்த அடுத்த வருடம், “ஒரு ஆறு மாதம் வந்து நில்லுங்கோ அக்கா, கடைக்கு ஆள் காணாது” என்று தம்பி சுகிர்தன் கூப்பிட்டான். வந்தாள். ஆறு மாதம் இழுபட்டு வருடங்களாயிற்று. தம்பி சாப்பாட்டுக் கடையை விற்றுக் குடும்பத்தோடு ஸ்டுட்கார்ட்டுக்குப் போனபோது அவளுக்கு ஒரு சிறுவர் காப்பகத்தின் சமையலறையில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. தம்பியோடு போகவில்லை. லண்டனுக்குத் திரும்பவும் இல்லை. எங்கேயும் போகாமல் இருப்பதை ஒரு முடிவு என்று அவள் அப்போது நினைக்கவில்லை.

பிரித்தானியக் குடிமக்கள் வெளிநாட்டில் இருந்தாலும், கடைசியாகக் குடியிருந்த ஊரின் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். தபாலை நம்ப முடியாது. சீட்டு போய்ச் சேர்வதற்குள் தேர்தல் முடிந்துவிடும். அதனால் அந்த ஊரில் ஒருவரைப் பதிலாளாகப் போடுவார்கள். ரோஹிணியின் பதிலாள் பக்கத்து வீட்டு றோசம்மா. தேர்தல் நாளில் றோசம்மா வீதி முனையில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய், தன்னுடையதை ஒருமுறையும் ரோஹிணியுடையதை ஒருமுறையும் போட்டுவிட்டு வருவா. வந்த கையோடு ரெலிபோன் எடுப்பா. “உம்மட ஆளுக்குக் குத்திப்போட்டன், சந்தோசமோ?” அதிலிருந்து பேச்சு எங்கெங்கோ போகும். யார் வீட்டை விற்றார்கள், யாருடைய வேலி சரிந்தது, இராசலிங்கம் நட்ட றோசாவைப் புது ஆட்கள் வெட்டினார்களா விட்டார்களா. நத்தாருக்கும் தீபாவளிக்கும் கூடக் கதைப்பார்கள்தான். ஆனால் அவை நலம் விசாரிக்கிற கதைகள். தேர்தல் நாளில் மட்டும் ரோஹிணி அந்த வீதியின் ஆளாக இருந்தாள்.

“ஏன் அக்கா, என்ன நடந்தது?”

“ஏனோ? இந்த இடுப்பைக் கேளும், சொல்லும். ஒப்பரேஷனுக்கு இன்னும் காத்துக்கொண்டு கிடக்கு. போன எலெக்‌ஷனுக்கு ஒருத்தன் வந்து என்ர செற்றியில இருந்து என்ர வடையைத் திண்டிட்டு, புது ஆஸ்பத்திரி கட்டுறம், ஒருத்தரும் ஒப்பரேஷனுக்குக் காத்திருக்கத் தேவையில்லை எண்டான்.”

“கட்டினவையோ?”

“ஓம், லீஃப்லெற்றில கட்டினவை. நல்ல வடிவான படம். பூக்கண்டும் வைச்சிருக்கினம்.”

ரோஹிணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “அப்ப மற்றப் பக்கத்துக்குப் போடுங்கோவன்.”

“அவை இன்னும் திறம். கோயிலுக்கு வந்து சால்வையைப் போத்திக்கொண்டு ‘வணக்கம்’ எண்டு ஒரு சொல்லு. எங்கட சனம் கை தட்டும். அதோட ஆளைக் காணேலாது. நான் சேர்ச்சுக்குப் போற ஆள், சும்மா புதினம் பாக்கப் போனன். அங்கயும் அதே பொய்தான்.” றோசம்மா மூச்சு வாங்கினா. கதிரையில் இருந்தே கதைத்தாலும் இப்போது மூச்சு வாங்குகிறது. “என்னை ஒருத்தரும் இனிப் பேய்க்காட்ட ஏலாது.”

“சரி அக்கா, உங்கட விருப்பம். என்ரைய மட்டும் போட்டுவிடுங்கோவன்.”

மறுபக்கத்தில் கதிரை கிறீச்சிட்டது.

“உமக்கென்ன, ரோஹிணி. நீர் அங்க இருந்து ஆளைத் தெரிவு செய்வீர். வருத்தம் வந்தால் ஜேர்மன் டொக்டரிட்டப் போவீர். இஞ்ச கிடந்து இழுபடுறது நாங்கள்தானே?”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். றோசம்மா அதை மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னா.

பதிலாளை மாற்றுவதற்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. அன்று மாலை ரோஹிணி கைபேசியில் லண்டன் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு போனாள். ஒருத்தி கனடாவுக்குப் போய்விட்டாள். ஒருவர் இறந்துவிட்டார்; இலக்கத்தை அழிக்க மனம் வராமல் வைத்திருக்கிறாள். இன்னொருத்தியிடம் கடைசியாகப் பேசியது அவளுடைய மகளின் கல்யாணத்துக்குப் போக முடியாது என்று சொல்லத்தான். இத்தனை காலத்துக்குப் பிறகு திடீரென்று எடுத்து, எனக்காக வோட்டுப் போடுவீர்களா என்று எப்படிக் கேட்பது? கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

ஜூன் மாதம் அது. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் முடிந்தும் விளக்குக் கம்பங்களில் இன்னும் சில முகங்கள் தொங்கின. மழையில் ஊறி ஓரங்கள் சுருண்டிருந்தாலும் சிரிப்பு அப்படியே இருந்தது. வாடகையைக் குறைப்போம் என்றது ஒன்று. பாதுகாப்பான நாளை என்றது மற்றொன்று. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போகும்வரை அவளும் இங்கே மாவட்டத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்றிருந்தது. இப்போது இல்லை. பஸ்ஸில் இருந்து அந்த முகங்களைப் பார்க்கும்போது ஒரு வினோதமான ஆறுதல் வரும்: இவர்கள் என்னிடம் பொய் சொல்லவில்லை, பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம்தான் சொல்கிறார்கள். அந்த ஆறுதல் அடுத்த தரிப்பிடத்துக்குள் கரைந்துவிடும். பொய் சொல்வதற்குக்கூட யாருக்கும் தேவைப்படாத ஆளாக இருப்பது எப்படி ஆறுதலாகும்?

வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் அஜிதாவிடம் இதைச் சொன்னாள். அஜிதா வீடு துப்புரவு செய்யும் நிறுவனம் நடத்துகிறவள். எதற்கும் வழி வைத்திருப்பாள்.

“நீங்கள் இஞ்சத்தைய சிற்றிசன் எடுங்கோ அக்கா. இப்ப ரெண்டையும் வைச்சிருக்கலாமாம். கந்தோரில ஒரு நாள் குறிச்சு டெர்மின் எடுத்து, அன்ராக் போர்மை நிரப்பிக் குடுத்தால் சரி. பிறகு இஞ்சயே போடலாம். லண்டன்காரருக்கு ஏன் பின்னால திரியுறியள்?”

“எடுக்கலாம்தான்” என்றாள் ரோஹிணி.

விபூதியைப் பூசிக்கொண்டு வெளியே வரும்போதுதான் தன்னைக் கேட்டுப் பார்த்தாள். இங்கே போட்டால், போட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம். வந்தபிறகு யாருக்கு ரெலிபோன் எடுப்பது? கேள்வி அவ்வளவு அப்பட்டமாக வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை. யார் வெல்ல வேண்டும் என்று இந்த முறை ஒருநாளாவது யோசித்தாளா? இல்லை. வேட்பாளர் ஒருவரின் பெயர்கூடத் தெரியாது. அவள் கேட்டுக்கொண்டிருந்தது வோட்டை இல்லை. ஒரு மணித்தியாலப் பேச்சை, அந்த வயோதிப மனிசியின் இடுப்பைக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் றோசம்மாவிடம் தேர்தலைப்பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜூலை நான்காம் திகதி, பிரித்தானியத் தேர்தல் நாள். காப்பகத்துப் பிள்ளைகள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். ரோஹிணி பெரிய சட்டியில் ஒட்டிய நூடில்ஸை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் துருக்கிக் கொடி கட்டிய கார் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. உதைபந்தாட்டத்தில் அவர்களுடைய அணி வென்று இரண்டு நாளாகியும் கொண்டாட்டம் முடியவில்லை. அந்தச் சத்தத்தில் ரெலிபோன் அடித்ததை முதலில் கவனிக்கவில்லை.

“ரோஹிணி? எங்க நிக்கிறீர்?”

“வேலையில அக்கா. என்ன, ஏன் இப்பிடி இளைக்குது? எங்க இருக்கிறியள்?”

“பஸ் ஸ்ரொப் வாங்கில. பள்ளிக்கூடத்துக்குப் போனனான். அங்க வோட்டுப் போட ஒரு சனமும் இல்லை. வாசல் கூட்டுறவன் சொல்லுறான், எங்கட றோட்டைப் பிரிச்சு வேற தொகுதியோட சேர்த்திட்டாங்களாம். மேல சேர்ச் ஹோலுக்குப் போகட்டாம். வோட்டுக் கார்ட்டில போட்டிருக்காம். ஆர் கார்ட் பாத்தது? எத்தினை வருசமாப் போற இடம்!”

“அக்கா, நீங்கள் போகமாட்டன் எண்டுதானே சொன்னியள்!”

“என்ரைய இப்பவும் போடமாட்டன். உம்மடையத்தான் போட வெளிக்கிட்டனான். காலமை எழும்பினன், மனம் கேக்கேல்ல. அதை விடும். எனக்கு இப்ப ஒண்டு சொல்லும். பாதித் தூரம் வந்து இருக்கிறன். மிச்சம் ஏத்தம். போகவோ, திரும்பவோ?”

ரோஹிணி தண்ணீரை நிறுத்தினாள். அந்த ஏற்றம் அவளுக்குத் தெரியும். இராசலிங்கம் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் தினமும் ஏறிய வழி. நல்ல கால் உள்ளவர்களே நடுவில் ஒருமுறை நிற்பார்கள்.

“ஒரு டக்ஸி பிடியுங்கோவன் அக்கா.”

“டக்ஸி பிடிச்சுப் போய் வோட்டுப் போடுற அளவுக்கு ஆர் எனக்கு என்ன செய்தவை? நடந்து போனால் போறன். சரி, போறதெண்டால் ஆருக்குப் போடுறது? அதைச் சொல்லும் முதல்.”

“உங்களுக்கு விருப்பமான ஆளுக்கு.”

“எனக்கு ஒருத்தரிலும் விருப்பமில்லை எண்டுதானே ஒரு மாதமாச் சொல்லுறன்! பொறும், பேக்குக்குள்ள இவங்கட பேப்பர் கிடக்கு.” தாள் விரியும் சத்தம் கேட்டது. “இவன் சொல்லுறான், ஆஸ்பத்திரியில காத்திருக்கிற காலத்தைக் குறைப்பானாம். மற்றவனும் அதைத்தான் சொல்லுறான். மூண்டாவது ஒரு பெட்டை, அவளும் அதைத்தான். சொல்லும், இதுக்குள்ள எந்தக் குறைப்பு வேணும் உமக்கு?”

‘போங்கோ’ என்ற சொல் ரோஹிணியின் நாக்கில் இருந்தது. போனால் பின்னேரம் அந்தப் பேச்சு வரும். ஹோலில் யாரைக் கண்டா, என்ன உடுத்தியிருந்தார்கள், இந்த ஏற்றத்தைப் பற்றியே அரை மணித்தியாலம் கதைப்பா. திரும்பச் சொன்னால் அடுத்த தேர்தலுக்கு றோசம்மாவிடம் கேட்க முடியாது. இன்னொருவரிடமும் கேட்க முடியாது. அந்த வீதியில் அவளுடைய பெயர் எங்கேயும் இருக்காது.

ரெலிபோனுக்குள் றோசம்மாவின் மூச்சு ஏறி இறங்கியது.

“வீட்ட போங்கோ அக்கா.”

“என்ன?”

“வீட்ட போங்கோ. எனக்கு ஆரும் வெல்லத் தேவையில்லை. எனக்கு அங்க ஆர் நிக்கினம் எண்டே தெரியாது. சும்மா... உங்களோட கதைக்கத்தான்.”

“கதைக்கிறதுக்கு என்னை ஏன் மலை ஏறச் சொன்னனீர், விசரி!” என்றா றோசம்மா. திட்டுத்தான். ஆனால் குரல் இளகியிருந்தது. “எடுத்துக் கதைக்கிறதுதானே? ஆர் வேண்டாமெண்டது?”

அந்த இளக்கத்தைக் கேட்டதும் ரோஹிணிக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது. “ஓகஸ்டில வாறன் அக்கா. உங்களோட வந்து நிக்கிறன்.”

“நீரும் எலெக்‌ஷனில நிக்கிறீரோ?”

றோசம்மா கேட்டுவிட்டுச் சிரித்தா. குத்திக் கேட்கவில்லை, பகிடிதான். வழியால் போன யாரோ ஒருவரிடம் ஆங்கிலத்தில் ‘எனக்கு ஒன்றுமில்லை, நன்றி’ என்று சொல்வதும் கேட்டது. பிறகு, “சரி பிள்ளை, மெல்ல மெல்லப் போறன்” என்று வைத்துவிட்டா.

ரோஹிணி சட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள். இங்கே வந்த முதல் கோடையில் சொன்னாள், வாறன் என்று. இடையில் கொரோனா வந்தது, அது நல்ல சாட்டாயிற்று. அதற்குப் பிறகும் ஒவ்வொரு நத்தாருக்கும் சொன்னாள். ஒருமுறைகூடப் பொய்யாகச் சொல்லவில்லை. சொல்லும்போது உண்மையாகவே வந்துவிடுவதாக நினைப்பாள். றோசம்மாவின் குசினியில் தேத்தண்ணி குடிப்பதுகூட மனதில் வரும். அந்த நினைப்பே போதுமாக இருக்கும். பிறகு, போய்ப் பார்த்தால் தன் வீட்டு ஜன்னலில் வேறு யாருடைய திரைச்சீலையோ தொங்குமே என்ற பயம் வரும். நாள் போய்விடும். அந்தச் செற்றியில் இருந்து வடை தின்றவனும் தின்னும்போது பொய் சொல்லியிருக்கமாட்டானோ என்னவோ. ஆஸ்பத்திரி அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். பூக்கண்டும்கூட.

அடுத்த நாள் காலை, வேலைக்குப் போகும்போது கைபேசியில் செய்தி வாசித்தாள். ஒரு கட்சி பெரும் வெற்றி பெற்றிருந்தது. ஐந்தில் இரண்டு பேர் வாக்களிக்கவே போகவில்லையாம். மக்களுக்கு அக்கறை குறைந்துவிட்டது என்று யாரோ ஒரு நிபுணர் சொல்லியிருந்தார். அந்தக் கணக்குக்குள் இரண்டு பேர் யாரென்று அவளுக்குத் தெரியும். ஒருத்தி பாதி வழி நடந்து பஸ் தரிப்பில் இருந்தாள். மற்றவள் அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாள். அக்கறைதான் குறைந்துபோயிற்றாக்கும்.

ஜூலைக் கடைசியில் காப்பகம் கோடை விடுமுறைக்குப் பூட்டுவார்கள். செய்தி வாசித்த அன்று பின்னேரமே, வேலை முடிந்து வந்ததும், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்து லண்டனுக்கு ரிக்கெற் போட்டாள். போகும் நாள், திரும்பும் நாள் இரண்டையும் போட்டாள். ரத்துச் செய்யும் வசதி வேண்டுமா என்று கேட்ட இடத்தில் வேண்டாம் என்று குறித்தாள். செய்து முடித்தபிறகு சந்தோசம் வரும் என்று பார்த்திருந்தாள். வரவில்லை. அறைக்குள் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் மட்டும் இருந்தது. வழக்கத்தைவிடக் கூடுதலாக.

றோசம்மாவுக்கு எடுத்துச் சொல்லலாம். பெயரைத் திரையில் கொண்டுவந்துவிட்டு அப்படியே வைத்திருந்தாள். சொன்னால் நம்பமாட்டா, அது ஒன்று. மற்றது அவளுக்கு மட்டும் தெரிந்தது: சொல்லிவிட்டால், முந்திய தடவைகளைப்போல, அதிலேயே போய்வந்த மாதிரி இருந்துவிடும்.

கைபேசியை வைத்துவிட்டு எழுந்து சப்பாத்தைக் கழற்றினாள்.