இல்லாத காயம்

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் புடிடி, முதுகைப் பாத்துடறேன்."

தஸ்லீமா அம்மாவின் தோளைத் தன் பக்கம் சாய்த்தாள். சித்தி முறையான மக்னி சாச்சி வெந்நீரை ஊற்றி, கழுத்திலிருந்து இடுப்புவரை விரலால் தடவினாள். ஒன்றுமில்லை. அவர்கள் வீட்டுக்கும் எல்லைக் கம்பிவேலிக்கும் நடுவில் ஒரு சோளக்காடுதான். இந்த ஊரில் ஒருத்தி திடீரென்று செத்தால், உடம்பில் எங்காவது ஓட்டை இருந்தாக வேண்டும்.

"தலைமுடிக்குள்ள பாரு."

முடிக்குள் சோள நார் இருந்தது. ஒரு சின்ன ஓட்டையாவது இருந்துவிடாதா என்று தஸ்லீமா மறுபடியும் விரல்களை ஓட்டினாள்.

காலையில் முற்றத்தில் சோளம் உரித்துக்கொண்டிருந்தபோதுதான் குண்டு வெடிப்பது போன்ற அந்தச் சத்தம் கேட்டது. எல்லோரும் குப்புற விழுந்தார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன் பழகுவது அது. ரோடு போடுகிறவர்கள் பாறைக்கு வெடி வைத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஊருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. அது தெரிந்ததும் முற்றத்தில் கிடந்தவர்கள் சிரித்தபடி எழுந்தார்கள். அம்மா எழவில்லை.

அம்மா எப்போதுமே கடைசியாகத்தான் எழுவாள். முதல் குண்டுக்குப் படுத்த அவள் தம்பி, அவசரப்பட்டு எழுந்து இரண்டாவது குண்டில் போனான். அன்றிலிருந்து நூறு எண்ணாமல் அவள் தலை தூக்கியதில்லை.

"எண்ணுறியாம்மா? உனக்குத்தான் இருபதுக்கு மேல தெரியாதே. அஞ்சு தடவை இருபதா? எண்ணு, எண்ணு. பி.ஏ. படிச்சவ போய் டீ போடறேன்."

தஸ்லீமா டீ போட்டாள். குடித்தாள். அம்மாவின் டம்ளரில் ஆடை படிந்த பிறகுதான் வெளியே வந்து தோளைத் தொட்டாள்.

"மாரடைப்பு. விழுந்ததுமே தூக்கிட்டு வந்திருந்தா பொழச்சிருப்பாங்க" என்றார் மருத்துவமனையில் டாக்டர். அதைக் கேட்டவள் அவள் மட்டும்தான். யாரிடமும் சொல்லவில்லை.

"காயமே இல்ல" என்றாள் சாச்சி, கஃபன் துணியை இழுத்து மூடியபடி. "உங்கம்மா ஜைத்தூனுக்குக் குடுத்துவெச்ச சாவு."



சவத்தைச் சுமக்கும் சந்தூக்கை முற்றத்தில் இறக்கி வைத்தார்கள். தூக்குவதற்கு நாலு பேர் குனிந்தபோது மலைப்பக்கம் மறுபடி வெடித்தது. குனிந்தவர்கள் அப்படியே படுத்தார்கள். முற்றம் முழுக்கப் படுத்தது. தஸ்லீமா மட்டும் நின்றாள்.

"ரோட்டுக்காரனுங்கதான். சாவு வீட்டுலயும் விடமாட்டானுங்க" என்று திட்டியபடி ஒவ்வொருவராக எழுந்து மண்ணைத் தட்டினார்கள்.

சந்தூக்கின் தலைமாட்டில் அப்பா மட்டும் கிடந்தார்.

"அப்பா."

அவள் ஓடிப்போய்ப் பக்கத்தில் விழுந்தாள்.

"அப்பா."

"இரு" என்றார் அவர், முகத்தை மண்ணிலிருந்து எடுக்காமல். "பதினேழுதான் ஆச்சு."

தஸ்லீமா அவர் முதுகில் கை வைத்தாள். அது ஏறி இறங்கியது. நூறு வரும்வரை கையை எடுக்கவில்லை.