எருதுகளின் பங்கு

திரான்சித்தோ பாட்டி கண்ணை மூடிய ஒன்பதாம் நாள். அன்றோடு வீட்டு ஜெபம் முடிகிறது, வந்தவர்களுக்குத் தமால் கொடுத்தாக வேண்டும். சோளமாவைப் பிசைந்து, உள்ளே கோழிக்கறி வைத்து, வாழையிலையில் பொதிந்து அவிக்கும் அந்த வேலையைப் பேத்தி நோல்வியா வலியக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சான் பெட்ரோ நகரத்தில் சட்டை தைக்கும் ஆலையில் வேலை அவளுக்கு. விடுப்புக் கிடைத்து மலையேறி வருவதற்குள் அடக்கமே முடிந்திருந்தது. இதையாவது என் கையால் செய்கிறேனே என்றாள்.

அடுப்போரம் ஒரு சாக்கு இருந்தது. அவிழ்த்தால் கருநீலச் சோளம், உதிர்த்து, சாம்பல் கலந்து தயாராக இருந்தது. அந்த மலையில் சோளத்தைச் சாம்பல் போட்டுத்தான் வேகவைப்பார்கள், அப்போதுதான் தோல் கழலும். பாட்டியின் மகன் கத்தலீனோ மாமா எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் வெளியே போயிருக்கிறார் என்று எண்ணி, ஒரு மணி விடாமல் அண்டாவில் கொட்டினாள்.

பிற்பகல் ஜெபத்தை ஹெர்மெலிந்தா நடத்தினாள். ஊர்க் கோயிலின் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும். ஜெபமாலையை அவள் சொன்னால் அடுப்பில் வைத்த பால் பொங்கி அடுப்பே அணைந்துபோகும், அத்தனை நிதானம். பாட்டி அதற்கு நேர் எதிர். விதைக்கும்போது ஒரு குழிக்கு ஓர் ‘அருள் நிறைந்த மரியே’, நான்கு மணி சோளம். வரிசை முடிந்தால் ஜெபமாலையும் முடிந்துவிடும். புருஷன் இல்லாமல் போன அந்த வருஷம், கைக்குழந்தையாயிருந்த கத்தலீனோவை முதுகில் கட்டிக்கொண்டு அப்படித்தான் விதைத்தாள். கடந்த வருஷம்வரை அப்படியேதான் விதைத்தாள். வரப்பில் போகும் ஹெர்மெலிந்தா, “மெதுவா சொல்லு திரான்சித்தோ, மாதா காதுல விழவேண்டாமா?” என்பாள். “மழை வருது. மாதாவுக்குப் புரியும்,” என்பாள் பாட்டி, குழியிலிருந்து நிமிராமல். இந்தச் சண்டை ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

முற்றத்தில் தமால் வந்தது. கூட்டம் அழுகையை நிறுத்திக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தது. அச்சு அசல் திரான்சித்தோவின் கைமணம் என்றார்கள். நோல்வியாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பேச்சு பாட்டியின் வம்புகளுக்குத் திரும்பியது. விதைக்கு மந்திரிக்கும் மெழுகுவர்த்தித் திருநாளன்று, கோயிலில் நிற்கும் உழவர் புனிதர் இசித்ரோவின் இரண்டு மர எருதுகளுக்கும் கழுத்துக்கு ஒரு ஜோடிக் கதிர் கட்டுவாள் பாட்டி. மழை பொய்த்த ஒரு வருஷம், கட்டியதையே அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டாளாம். வீட்டில் பிள்ளைகள் பட்டினி கிடக்க, நீ மாட்டுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாயா என்று புனிதரை நிற்கவைத்துக் கேட்டாளாம். அடுத்த வருஷம் இரண்டு மடங்காகக் கட்டினாளாம். முற்றமே சிரித்தது.

கத்தலீனோ மாமா அப்போதுதான் தன் தமால் பொதியைப் பிரித்தார். மாவின் நிறத்தைப் பார்த்தார். சாப்பிடாமல் எழுந்து உள்ளே போனவர் காலிச் சாக்கோடு வந்தார்.

“இது எந்தச் சோளம், நோல்வியா?”

“அடுப்போரம் இருந்ததுதான் மாமா. நீங்கதான சாம்பல்கூடப் போட்டு வச்சிருந்தீங்க?”

“நான் போடல. உங்க பாட்டி போட்டது. விதைக் கதிரைப் பரண்ல ஏறிக் கட்ட முடியாம, கட்டில்ல உக்காந்தே உதுத்து, வண்டு விழாம இருக்கக் கலந்து வச்சா. அது விதைடி.”

முற்றத்தில் கடித்த தமாலைக் கீழே வைத்தார்கள். அந்தச் சோளம் ஊரில் வேறு யாரிடமும் இல்லை, எல்லோரும் கடை விதைக்கு மாறிவிட்டார்கள். கீழ்நிலத்தில் கடை விதை விளையும். மேட்டுச் சரிவின் குளிரில் முளைக்குமே தவிர, கதிர் பிடிக்காது. மேட்டு நிலம்தான் மாமாவின் வீட்டுக்குப் பாதி வருஷச் சாப்பாடு. மலைக்குப் பின்னால் முதல் மழைக்கு மேகம் ஏறிக்கொண்டிருந்தது. மாமா திட்டவில்லை. அம்மாவின் நிலத்தை அவித்துத் தின்றுவிட்டோம் என்று மட்டும் முணுமுணுத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது நோல்வியாவுக்கு. அடக்கத்துக்கும் வரவில்லை, வந்து செய்த ஒரே காரியமும் இது. பாட்டி கடைசியாகத் தொட்ட வேலையைத் தன் கையாலேயே அழித்தது அவள் நெஞ்சை அறுத்தது.

எருதுகளின் நினைவு வந்தது அப்போதுதான். எழுந்துபோய் ஹெர்மெலிந்தாவின் முன்னால் நின்று கோயில் சாவியைக் கேட்டாள்.

“புனிதருக்குக் குடுத்தது புனிதருக்கு. உங்க பாட்டி பண்ணின அக்கிரமத்தை நீயும் பண்ணாத.”

“பாட்டி திருப்பிக் கட்டினாங்கல்ல, பெரியம்மா? நானும் கட்டுவேன். அறுப்புக்கு வருவேன். வேலையே போனாலும் வருவேன்.”

ஹெர்மெலிந்தா தன் மடியிலிருந்த வெற்று வாழையிலைகளைப் பார்த்தாள். ஒன்றல்ல, இரண்டு. விரலில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு சாவியை அவிழ்த்தாள்.

“ரெண்டு தின்னிருக்கேன். இந்தத் திருட்டுல எனக்கும் பங்கு இருக்கு. ஆனா நானும் கூட வருவேன், அது புனிதரோட சொத்து.”

எருதுகளின் கழுத்தில் பாட்டி இந்த வருஷத் திருநாளுக்குக் கட்டிய கருநீலக் கதிர்கள் மெழுகுவர்த்திப் புகையேறி, வண்டு விழாமல் கெட்டியாக இருந்தன. நோல்வியா அவிழ்த்தபோது ஹெர்மெலிந்தா புனிதரின் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விடிந்ததும் மேட்டு நிலத்துக்குப் போனார்கள். கதிர் இருந்தது கையளவு நிலத்துக்குத்தான். விளைவது அத்தனையும் அடுத்த வருஷத்துக்கு விதை, இந்த வருஷம் கீழ்நிலத்தில் கடை விதை போட்டு, வாயைக் கட்டிச் சமாளிக்கலாம் என்றார் மாமா. அதைச் சொன்னபோது ஒன்பது நாளில் முதல்முறையாக அவர் முகம் தெளிந்திருந்தது. அவர் கழியால் குழி குத்திக்கொண்டே முன்னே போக, நோல்வியா நான்கு நான்கு மணியாகப் போட்டு, காலால் மண் தள்ளி, ஜெபமாலை சொல்லிக்கொண்டே பின்னால் போனாள். ஹெர்மெலிந்தா வரப்பில் ஒரு கல்மேல் காவல் இருந்தாள். தூறல் தொடங்கியது. நோல்வியாவின் கையும் வாயும் சேர்ந்து ஓடத் தொடங்கின.

“மெதுவா சொல்லுடி,” என்றாள் ஹெர்மெலிந்தா. “மாதா காதுல விழவேண்டாமா?”

“மழை வருது,” என்றாள் நோல்வியா, நிமிராமல். “மாதாவுக்குப் புரியும்.”

மாமாவின் கழி அப்படியே நின்றது. வரப்பில் ஹெர்மெலிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த குழியை விட்டுவிடாதே என்று அதட்டினாள்.