சின்ன வீட்டின் குப்பைக்கூடை

1

"பெரியம்மா, இவங்க குப்பைய எங்க போடுவாங்க?"

கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஒரு பொம்மை வீட்டைப் பார்த்து என் தங்கை மகள் கேட்டாள். கட்டில் இருந்தது, நாற்காலி இருந்தது, மேசை மேல் கடுகளவு தட்டுகூட இருந்தது. குப்பைக்கூடை இல்லை.

"அவங்க வீட்ல குப்பையே சேராது போல" என்று சமாளித்தேன்.

"அப்ப அங்க யாரும் இல்லையா?" என்றாள்.

இந்தக் கதைக்கு மூலதனம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் ஒட்டுப் போட்டுக் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'வெளிச்சம் அணைந்துபோன உலகில் அவள் ஒரு—'

நிறுத்திவிட்டேன். இந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டினால் அண்ணி சிரிப்பாள். (அண்ணி யார் என்று இன்னும் சொல்லவில்லை. வருகிறேன்.)

அடுத்தது: 'வீசி எறியப்பட்டவை எல்லாம் அவள் கையில் உயிர்பெற்று—'

இது மேடையில் பேசுகிற வாக்கியம். அதையும் அடித்தேன். நேராகச் சொல்லிவிடுவதே நல்லது.

ஒரு தையல்காரி. அவளுடன் அவள் அண்ணி. அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. இருவரும் ஒரே வாடகை வீட்டில் இருந்தார்கள். அண்ணிக்குக் கண் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, முழுவதும் போய்விட்டது. ஆனாலும் அந்த வீட்டில் அவள் தடுக்கி விழுந்ததில்லை. எந்தச் சுவர் எங்கே என்று அவள் தோளுக்குத் தெரியும்.

அந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள். தையல்காரி வேறு வீடு பார்த்துவிட்டாள். அண்ணி வர மறுக்கிறாள்.

"புது வீட்ல பாத்ரூம் போகக்கூட உன் கையப் பிடிக்கணும். அதுக்கு நான் முதியோர் இல்லத்துக்கே போறேன். அங்க கை பிடிக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கு."

"நான் சும்மாவே பிடிக்கிறேனே, அண்ணி."

"அதான்டி எனக்குக் கஷ்டம்."

3

தையல்காரி ஒரு செருப்புப் பெட்டியை எடுத்தாள். புது வீட்டுக்குப் போய்த் தையல் நாடாவால் அளந்து வந்தாள். அண்ணி விரலால் நடந்து பார்ப்பதற்காக ஒரு சின்ன வீட்டைக் கட்டத் தொடங்கினாள்.

ஐஸ் குச்சிகளில் கட்டில். சோப்புப் பெட்டியில் பீரோ. தீப்பெட்டியில் தையல் மெஷின். இரண்டு சோடா மூடிகளில் அடுப்பு. பழைய பேனாவின் கொக்கியில் குழாய். பாத்ரூம் தரைக்கு உப்புத்தாள்.* மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் சுவர்க்கண்ணாடி.

அண்ணியின் விரல் அந்தக் கண்ணாடியில் நின்றது. "இது என்ன, வழுவழுன்னு?"

"முகம் பாக்கிற கண்ணாடி."

"எனக்கா உனக்கா?"

"எனக்குத்தான்."

"அந்த மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான் என் கண்ணு போச்சுன்னு நெனச்சேன்" என்றாள் அண்ணி. வீடு மாறுகிற பேச்சு எழுந்த பிறகு அன்றைக்குத்தான் அவள் முதல்முறை சிரித்தாள்.

* தண்ணீர் பட்டாலும் வழுக்காத சொரசொரப்பான தரை அது. காலுக்குத் தெரிய வேண்டியது முதலில் விரலுக்குத் தெரிய வேண்டும் என்பது தையல்காரியின் கணக்கு. எனக்கே இது எழுதும்போதுதான் தோன்றியது.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். தையல்காரி இவ்வளவு நல்லவளாக இருக்கலாமா? முந்தைய பிரதியில் அவளுக்குக் கொஞ்சம் சலிப்பு வைத்திருந்தேன். 'போகிறாளா, போகட்டும்' என்று அவள் ஒரு மாலை நினைப்பதாக ஒரு பத்தி. எடுத்துவிட்டேன். பிறகு திரும்பவும் வைத்தேன். அலுப்பே இல்லாத அன்பை நான் பிரார்த்தனையில் கேட்டிருக்கிறேன், மனிதர்களிடம் பார்த்ததில்லை. ஆகவே அந்த மாலை உண்டு. அன்றைக்கு அவள் பசையை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் கட்டிலுக்கு மெத்தை வேண்டுமே என்று எழுந்து, பரண்மேல் இருந்த ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒரு துணி முடிச்சு. நீலப்பூப் போட்ட துணி. அதற்குள் பஞ்சு.

அந்தத் துணி அவளுக்குத் தெரியும். அவள் வாழ்க்கையில் முதன்முதலாகத் தைத்தது அந்தத் துணியைத்தான். அண்ணி மணமாகி வந்த புதிது. பள்ளிக்கூடத்துப் பெண்ணான இவள் அண்ணிக்கென்று ஆசையாக ஒரு தலையணை உறை தைத்தாள். உறை சின்னதாகிவிட்டது. தலையணை பாதிகூட நுழையவில்லை. அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் தலையணை உறைக்குள் அம்சமாக உட்கார்ந்திருந்தது.

"நீதான் சரியாத் திணிக்கல. அளவு கச்சிதம்டி, பொத்தான்" என்றாள் அண்ணி. (பொத்தான் என்றுதான் அவளைக் கூப்பிடுவாள், எங்கே பொத்தான் கிடந்தாலும் பொறுக்கி வைக்கிற பெண்.)

அந்த ஒரு வார்த்தையில் தைரியம் வந்துதான் அவள் தையல்காரி ஆனாள்.

இப்போது பஞ்சு கையில் இருக்கிறது. அன்றைக்கு அண்ணி உறையைத் தொடவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. தலையணையைப் பிரித்துப் பஞ்சை எடுத்து, தலையணையையே சின்னதாக்கித் தைத்திருக்கிறாள். எடுத்த பஞ்சை இவள் வெட்டிப்போட்ட துணியிலேயே முடிந்து ஒளித்திருக்கிறாள்.

"டப்பாவுல என்னடி?" என்றாள் அண்ணி, மூடியின் சத்தம் கேட்டு.

"ஏதோ பழைய பஞ்சு, அண்ணி."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தூக்கிப் போடு" என்றாள்.

தையல்காரி போடவில்லை. சின்னக் கட்டிலுக்கு அதில் மெத்தை தைத்தாள்.

5

வீடு முடிந்தது. அண்ணி இரண்டு விரலைக் கால்போல் ஊன்றி நடந்தாள். கட்டிலிலிருந்து இறங்கி, தையல் மெஷினைத் தாண்டி, பாத்ரூம். திரும்பி, சமையலறை. திரும்பத் திரும்ப நடந்தாள். பிறகு விரல் நின்றது.

"குப்பைக்கூடை எங்கடி?"

தையல்காரி பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

"இத்தனை குப்பைய வச்சு வீடு கட்டியிருக்க. ஒரு குப்பைக்கூடை வைக்கத் தோணல பாரு!"

(என் தங்கை மகள் கேட்டதை அண்ணிக்குக் கொடுத்துவிட்டேன். அவளிடம் அனுமதி வாங்கியாயிற்று.)

இருமல் மருந்தின் மூடி ஒன்றைச் சமையலறை வாசலில் ஒட்டினாள் தையல்காரி. அண்ணி அதையும் தொட்டுப் பார்த்தாள். அப்புறம், "ஒரு இடத்துல தப்பிருந்தாலும் நான் எல்லா இடத்துலயும் பயந்துதான் நடப்பேன். அப்புறம் இல்லம்தான். பாத்துக்க" என்றாள்.

"தப்பே இல்ல, அண்ணி."

"அப்ப வரேன்."

6

தப்பு இருந்தது.

சாமான்களை இறக்கிவிட்டு வண்டிக்காரர் போன பிறகு, மத்தியானம், சின்ன வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு புது வீட்டில் தனியாக நின்றபோதுதான் தையல்காரி அதைப் பார்த்தாள். சின்ன வீட்டில் தையல் மெஷினைத் தீப்பெட்டியில் செய்திருந்தாள். உண்மையான மெஷின் மேசையின் பக்கத்தில் ஒரு பலகை நீட்டிக்கொண்டிருக்கிறது. துணியைப் பரப்பித் தைப்பதற்கான பலகை. மேசையை அளந்தவள் அதை அளக்கவில்லை. இத்தனை வருடம் அதன்மேல் கை வைத்தே இருந்ததால் அது அவளுக்குத் தன் கையாகவே ஆகிவிட்டது. தன் கையை யார் அளப்பார்கள்?

அண்ணியின் இரண்டு விரல் நடந்த வழியில் இப்போது அந்தப் பலகை நிற்கிறது. மெஷினை வேறிடத்தில் போட முடியாது. வெளிச்சம் விழுகிற ஜன்னல் அந்த அறைக்கு ஒன்றுதான். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் அண்ணியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அண்ணி இடித்துக்கொள்கிறாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அழுகை எனக்கு எழுத வரும். அதனாலேயே வேண்டாம் என்று விட்டேன்.

இரண்டாவதில் தையல்காரி உண்மையைச் சொல்கிறாள். அண்ணி பெருந்தன்மையாக— இல்லை. அண்ணி சொன்னதைச் செய்கிறவள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இல்லத்துக்குப் போய்விடுவாள்.

மூன்றாவதைத் தையல்காரியே செய்தாள். மெஷின் இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்தாள்.

பலகை போனால் பெரிய துணிகளை இனி மடியில் போட்டுத்தான் தைக்க வேண்டும். முதுகு வலிக்கும். அவளுக்குத் தெரியும். சின்ன வீட்டைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. அளவு கச்சிதம் என்று சொல்லிவிட்டால் மற்றதைத்தான் மாற்ற வேண்டும்.

7

பலகை இல்லாததை அண்ணி கண்டுபிடிப்பாளா? மெஷினின் சத்தம் மாறியதை வைத்து? மடியில் துணி சரசரப்பதை வைத்து? கண்டுபிடித்தால் சொல்வாளா, அல்லது இன்னொரு டப்பாவில் முடிந்து வைப்பாளா? அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவதில்லை.

எனக்கு வேறு அவசரம் இருக்கிறது. யாரும் பார்க்காமல் கொடுத்ததை யாரும் பார்க்காமல் திருப்பிக் கொடுக்க ஒருத்தி தரையில் மண்டியிட்டிருக்கிறாள். நானும் நீங்களும் அந்த அறையில் நின்றுகொண்டிருக்கிறோம். இது சரியில்லை. வாருங்கள், வெளியே போய்விடுவோம். கடவுளை வெளியே அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை, அவர் இருக்கட்டும்.

கதவைச் சாத்திவிட்டேன்.

உள்ளே திருகாணி மெல்லக் கழல்கிறது. சற்றுக் கழித்து, சின்ன வீட்டின் இருமல் மருந்து மூடிக்குள் அது விழுகிற சின்னச் சத்தம்.