மேவிஸின் மூன்றாவது கியர்

பின்னால் திறந்த தொட்டி வைத்த எங்கள் யூட் வண்டிக்குப் பெயர் மேவிஸ். அந்தத் தொட்டியில் செம்மறியும் முள்கம்பியும் ஏற்றி ஏற்றித் தன் நிறத்தையே மறந்துபோனவள். அவளைக் காயலான் கடையில் போட்டுவிட்டுப் புதுசு வாங்க வேண்டுமென்று என் வீட்டுக்காரர் லிண்ட்ஸி ஒரு வருடமாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் தொலைக்காட்சித் தொடர் எடுக்கிறவர்கள் எங்கள் பண்ணைக்கு வந்து, கதாநாயகி ஓட்டுவதற்கு இந்த வண்டிதான் வேண்டும் என்றார்கள்.

"அது டிவியில வந்துட்டா இனிமே நான் வாயே திறக்க மாட்டேன். வரலைன்னா மறுநாளே காயலான் கடை. சரியா?" என்றார் லிண்ட்ஸி.

"சரிய்யா. வாயைத் தைக்க நூல் எடுத்து வை," என்றேன்.

சவடால் விட்டாயிற்று. ஆனால் கதாநாயகி டானிகா பட்டணத்துப் பெண், கியர் வண்டியைத் தொட்டதே இல்லை. மேவிஸோ மூன்றாவது கியர் போட என் கையைத் தவிர வேறு எந்தக் கைக்கும் மசிய மாட்டாள். டானிகா இழுத்த இழுப்பில் வண்டி கதறியது. மேட்டில் ஏறும்போதெல்லாம் நின்றுபோனது. "பக்கத்துப் பண்ணையில புது வண்டி இருக்காமே?" என்று இயக்குநர் கேட்க, லிண்ட்ஸி வேலியில் சாய்ந்தபடி பல்லைக் காட்டினார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரு நிமிஷம் பொறுங்க!" என்று கத்திவிட்டு, டானிகாவின் பக்கத்து இருக்கைக்கு முன்னால், கால் வைக்கிற இடத்தில் என் பெருத்த உடம்பை மடக்கித் திணித்தேன். மேலே ஒரு கோணிச் சாக்கு.

"கண்ணு, நீ பாதையை மட்டும் பாரு. முட்டியைத் தட்டினா கிளட்ச்சை மிதி. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"ஐயோ நொரீன், எனக்குச் சிரிப்பு வருதே!"

"நல்லா சிரி. சீன்ல காதலனைப் பாக்கத்தானே போறே?"

தட்டினேன், மிதித்தாள். சாக்குக்குள்ளிருந்து கையை நீட்டித் தள்ளினேன். மேவிஸ் மேட்டைத் தாண்டிப் புழுதி பறக்க இறங்கினாள். படக்குழுவே கைதட்டியது.

"இது போங்கு ஆட்டம்! முதல்ல டிவியில வரட்டும்," என்றார் லிண்ட்ஸி.

தொடரில் அந்தப் பகுதி ஒளிபரப்பான ஞாயிறு மாலை ஊரே பப்பில் கூடிவிட்டது. மேவிஸ் வரும் காட்சியை வெட்டி எறிந்திருப்பார்களோ என்று எனக்கு பீர்கூட இறங்கவில்லை. அப்போது திரையில் மேவிஸ் வந்தாள்! அடுத்து டானிகாவின் சிரித்த முகம். அதற்கடுத்து, திரை முழுக்கக் கியரைப் பிடித்த ஒரு கை. புள்ளி விழுந்த தடித்த கை, நகமெல்லாம் கிரீஸ், விரலில் தேய்ந்துபோன கல்யாண மோதிரம்.

பப்பே வெடித்துச் சிரித்தது. நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

லிண்ட்ஸி நாற்காலி சாய எழுந்தார். "நான் போட்ட மோதிரம்டா அது! என் பொண்டாட்டி கைடா! எங்க வண்டிடா!" என்று கூரை அதிரக் கத்தினார்.

இனிமேல் வாயே திறக்க மாட்டேன் என்ற மனிதர், கடை சாத்தும்வரை வாயை மூடவே இல்லை.